பச்சை ஏரியில் பட்டினி

கோடையில் பெங்களூரின் அல்சூர் ஏரிக்கரையில் நின்று பார்த்தால், தண்ணீர் பச்சைக் கூழாகத் தெரியும் நாள்கள் உண்டு. டாஃப்னியா, மொய்னா போன்ற விலங்கு மிதவைகளுக்கு, அதாவது பாசியைத் தின்னும் நுண்ணிய நீர்ப்பூச்சிகளுக்கு, தீனிக்கா பஞ்சம் என்று தோன்றும். ஆனால் தின்றது உடம்பில் ஒட்டுகிறதா என்பதை அந்தப் பூச்சியின் உடம்பைத்தான் கேட்க வேண்டும்.

முதலில் பார்ப்பது ஆர்.என்.ஏ., டி.என்.ஏ. விகிதம். ஒரு செல்லில் டி.என்.ஏ. அளவு ஏறக்குறைய மாறாது. புரதம் மும்முரமாகத் தயாராகும்போது ஆர்.என்.ஏ. கூடும். விகிதம் இறங்கினால் வளர்ச்சி மந்தம். ஏன் மந்தம் என்பதை இது சொல்லாது. தெர்மாமீட்டர் காய்ச்சலைச் சொல்லும், டைபாய்டா மலேரியாவா என்று சொல்லுமா?

அடுத்தது மைக்ராஸ்கோப். கண்ணாடி போன்ற உடம்புக்குள் கொழுப்புத் துளிகள் தெரியும். தீனியே இல்லாத பூச்சியில் அவை கரைந்துபோகும். பாஸ்பரஸ் மட்டும் குறைந்த பூச்சியோ கொழுத்திருக்கும்! பாசியில் ஒரு பாஸ்பரஸ் அணுவுக்குச் சுமார் 300 கார்பன் அணுக்களுக்கு மேல் போனால், டாஃப்னியா அந்தக் கார்பனை வளர்ச்சிக்குச் செலவிட முடியாமல் கொழுப்பாகச் சேர்க்கிறது. கொழுத்ததெல்லாம் நலம் என்று எழுதிவிடக் கூடாது.

இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பது அல்கலைன் பாஸ்படேஸ் நொதி. கல்லீரல் பரிசோதனை ரிப்போர்ட்டில் ஏ.எல்.பி. என்று வருமே, அதே வகைதான். பாஸ்பரஸ் தட்டுப்பாடானால் டாஃப்னியாவில் இது கூடும். ஒரே அளவுள்ள, முட்டை சுமக்காத பூச்சிகளை எடுத்து, வடிகட்டிய நீரில் அரை மணி நேரம் விடுங்கள். குடலில் பாசி மிச்சமிருந்தால் அதன் நொதியும் கணக்கில் சேர்ந்துவிடும். பிறகு ஐஸ் மேல் வைத்து, டிரிஸ் பஃபரில் (அமில, கார நிலையை மாறாமல் வைக்கும் கரைசல்) அரைத்து, பாரா நைட்ரோபீனைல் பாஸ்பேட் சேர்த்தால் நொதி அதை உடைக்க, கரைசல் மஞ்சளாகும். அந்த மஞ்சளை 405 நானோமீட்டர் ஒளியில் அளந்து புரத அளவால் வகுக்க வேண்டும். பூச்சி சேர்க்காத கரைசல் ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள், அது தானாகவே கொஞ்சம் மஞ்சளாகும். பழக்க தோஷத்தில் பாஸ்பேட் பஃபரை ஊற்றினால் நொதி அடங்கிவிடும். உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. சேர்த்தால், நொதிக்கு வேண்டிய துத்தநாகத்தைப் பிடுங்கிக்கொள்ளும். ஃபார்மலினில் போட்ட மாதிரியோ எதற்கும் ஆகாது.

பெங்களூரு ஏரிகளில் சாக்கடையும் சோப்புத் தண்ணீரும் பாஸ்பரஸைக் கொட்டுகின்றன. பெல்லந்தூர் நுரை ஊரறிந்தது. அங்கே நொதியும் தாழ்ந்து ஆர்.என்.ஏ.வும் தாழ்ந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது நீலப்பசும்பாசியை. அதில் ஸ்டீரால் (கொலஸ்டிரால் இனம்) கிடையாது, மீன் எண்ணெயில் இருக்கும் ஈ.பி.ஏ. போன்ற நீண்ட கொழுப்பமிலங்களும் கிடையாது. தோலுரிக்கும் ஹார்மோனுக்கு ஸ்டீரால் வேண்டும். பூச்சியால் அதைத் தானே தயாரிக்க முடியாது. கேஸ் குரோமட்டோகிராஃப் என்ற, சேர்மங்களைப் பிரித்து அளக்கும் கருவியில் உடம்பின் ஈ.பி.ஏ. அளவைப் பார்த்தால் பிடிபடும். பாசியின் நச்சும் ஆக்சிஜன் குறைவும் இதே தோற்றத்தைத் தரும் என்பதால் அவற்றையும் அளப்பது நல்லது.

மாதிரியைக் கரையிலேயே உலர்பனியில் (திட கார்பன் டை ஆக்சைடு) உறையவையுங்கள். ஐஸ் பெட்டியை நம்பி, நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சிக்னலில் மாட்டினால், லேபுக்கு வந்து சேர்வதற்குள் ஆர்.என்.ஏ. சிதைந்திருக்கும்.