ஆசாரி ஒட்டாமல் விட்ட பலகை

முந்தின வருஷம் மார்ச் மாதம், ராத்திரி பதினொன்றரை இருக்கும். ஹாலில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று 'டப்' என்று ஒரு சத்தம். பூனை எதையோ தள்ளிவிட்டது என்று நினைத்துத் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் சாப்பாட்டு மேசையில் விரிசல். பலகையின் முனையிலிருந்து உள்ளே ஒரு முழ நீளம், தீக்குச்சி நுழைகிற அகலம்.

அந்தப் பலகை தக்கலைப் பக்கம் இருந்த எங்கள் ஆச்சி வீட்டுப் பத்தாயத்தின் மூடி. நெல் போட்டு வைக்கிற பெரிய மரப்பெட்டி அது. பக்கப் பலகைகள் அயனி மரம், மூடி மட்டும் தேக்கு, ஒன்றரை அடி அகலப் பலகை இரண்டைச் சேர்த்தது. வீட்டை இடித்தபோது மற்ற தடியெல்லாம் விலை பேசிப் போய்விட்டது. மூடியையும் ஒரு அலமாரியையும் நாகர்கோவிலுக்கு ஏற்றி வந்தேன். மூடிக்குக் கருப்பு இரும்புச் சட்டத்தில் கால் வைத்து, எட்டு ஸ்குரூ போட்டு முறுக்கி, போதாததற்குப் பசையும் தடவி, மேலே கண்ணாடி மாதிரி பளபளக்கிற பியூ (பாலியூரித்தேன்) கோட்டிங் அடித்தாயிற்று. புது வீட்டுக்கென்றே செய்தது போல இருந்தது. மூன்று மாதம் இருந்தது.

தப்பு முதலில் என் நினைப்பில். அறுபது வருஷத்து மரம், இனிமேல் காய என்ன இருக்கிறது என்று நினைத்தேன். நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறோம்.

மரம் என்பது நுண்ணிய குழாய்களின் கட்டு. பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கிறது: குழாய்க்குள் இருக்கும் வெற்றிடத்தில் கொஞ்சம், குழாயின் சுவருக்குள்ளேயே கொஞ்சம். மரத்தை அறுத்துப் போட்டதும் முதலில் குழாய்த் தண்ணீர் போகும். எடை குறையும், ஆனால் அளவு மாறாது. ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு இறங்கும்போது குழாய்கள் காலியாகிவிடும். அதற்கும் கீழே போனால்தான் சுவரிலிருந்து தண்ணீர் கழலும், மரம் சுருங்கும். இந்தச் சுவர்த் தண்ணீருக்குத்தான் முடிவே கிடையாது. செல்லுலோஸுக்குத் தண்ணீர் மூலக்கூறை இழுத்துப் பிடிக்கிற குணம் உண்டு. காற்றில் ஈரம் கூடினால் மரம் வாங்கிக்கொள்ளும், குறைந்தால் திருப்பிக் கொடுக்கும். அறுபது வருஷம் ஆனாலும் இருநூறு வருஷம் ஆனாலும் இந்தக் கொடுக்கல் வாங்கல் நிற்காது.

எவ்வளவு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாக இருந்தால் மரம் 15, 16 சதவீத ஈரத்தில் போய் நிற்கும். 50 சதவீதமாக இருந்தால் 9 சதவீதத்துக்கு இறங்கிவிடும். கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூனிலிருந்து டிசம்பர் வரை அலமாரி டிராயர் இழுத்தால் வராமல் அடம்பிடிப்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அந்தக் காற்றில் வளர்ந்த பலகையைத்தான் நான் ஏசி அறைக்குள் கொண்டுவந்து பூட்டி வைத்தேன்.

இனி, சுருக்கம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. ஈர்க்குச்சி வாரியலை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டுக்கு நடுவே இன்னும் பத்து ஈர்க்கைச் செருகினால் வாரியல் தடிக்கும், நீளாது. மரத்தின் குழாய்ச் சுவரில் செல்லுலோஸ் இழைகள் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுகின்றன. தண்ணீர் அந்த இழைகளுக்கு நடுவே புகுந்து அவற்றைப் பக்கவாட்டில்தான் தள்ளுகிறது. அதனால் பச்சைத் தேக்கு முழுக்கக் காய்ந்தால் ஆண்டு வளையத்தின் போக்கில் 5.8 சதவீதம் சுருங்கும், நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் 2.5 சதவீதம் சுருங்கும், நீளத்தில் சுருக்கம் கண்ணுக்கே தெரியாது. தேக்கு ரொம்ப நல்ல பிள்ளை என்பதையும் சொல்ல வேண்டும். பல மரங்கள் இதைவிட அதிகம் ஆடும்.

என் மேசை மூன்றடி அகலம், அதாவது 91 செ.மீ. ஈரம் 15-லிருந்து 9-க்கு இறங்கினால் அகலத்தில் சுமார் ஒரு சென்டிமீட்டர் குறைய வேண்டும். இரும்புச் சட்டம் குறையாது. எட்டு ஸ்குரூவும் பசையும் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டால் பலகை வேறு என்ன செய்யும்? முனைகளில் குழாய்களின் வாய் திறந்திருப்பதால் ஈரம் அங்கே பல மடங்கு வேகமாகப் போகும். அதனால்தான் விரிசல் முனையில் ஆரம்பிக்கிறது.

ஆச்சி வீட்டுக்கு அந்தக் காலத்தில் வேலை செய்த ஆசாரியின் மகனைக் கூப்பிட்டேன். அவருக்கே எழுபதைத் தாண்டியிருக்கும். வந்தவர் விரிசலைப் பார்க்கவே இல்லை. நேரே குனிந்து மேசைக்கு அடியில் கையை விட்டுத் தடவினார்.

"எட்டையும் இறுக்கி வச்சிருக்கியே மக்கா, அது எங்க போவும்?"

அப்புறம் எழுந்து, மூலையில் கிடந்த பழைய அலமாரியின் கதவைப் பிடித்து ஆட்டினார். சட்டத்துக்குள் பலகை லொடலொடவென்று ஆடியது. பாலிஷ் போடும்போது இந்த ஆட்டத்தை நிறுத்தக் கொஞ்சம் பெவிகால் ஊற்றலாம் என்று நான் யோசித்து வைத்திருந்த இடம் அது. அவர் பலகையின் ஓரத்தில் விரலை வைத்துக் காட்டினார். சட்டத்தை ஒட்டி ஒரு நூல் அகலத்துக்கு, மேலிருந்து கீழ்வரை, பாலிஷ் படாத வெளிர்க் கோடு. (ஆசாரிமார் கணக்கில் ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.) மழைக்காலத்தில் பாலிஷ் போட்டிருக்கிறார்கள். அப்போது அந்தக் கோடு சட்டத்தின் காடிக்குள், அதாவது பலகை உட்காரும் பள்ளத்துக்குள், மறைந்திருந்தது. கோடையில் பலகை சுருங்கியதும் வெளியே வந்துவிட்டது. பலகையின் நான்கு ஓரத்திலும் பசை கிடையாது. காடிக்குள் சும்மா உட்கார்ந்திருக்கிறது, விரிய இடம் விட்டு. சட்டத்தின் மூலைகளில் மட்டும் துளையும் நாக்கும் கோத்து மர ஆணி அடித்திருக்கிறது. சட்டம் குறுகலான கட்டை, அது சுருங்கினாலும் அரை நூல்கூட வராது. அகலமான பலகையை மிதக்க விட்டு, குறுகலான கட்டையை இறுக்குவது. ஈரப்பதம், சதவீதம் என்ற பேச்சே இல்லாமல் இதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

இதே தக்கலையில் 1601-ல் கட்டத் தொடங்கிய பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. இவ்வளவு மழைக்கும் அந்த மரவேலை நிற்கிறது. மரத்தின் தரம் ஒரு காரணம். அழிக்கம்பிகளுக்கு இடையே காற்று எப்போதும் நுழைந்து வெளியேறுவதும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். அங்கே பருவம் மாற மாற மரம் மெதுவாக மாறிக்கொள்ளும். ஏசி அறையில் அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

சரி, இன்னொரு தப்பு. பியூ கோட்டிங்கை மேல்பக்கம் மட்டும் அடித்தேன், அடிப்பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று. எந்தப் பூச்சும் ஈரத்தை முழுக்க நிறுத்தாது, வேகத்தைத்தான் குறைக்கும். ஒரு பக்கம் பூசி மறுபக்கம் வெறுமையாக விட்டால் இரண்டு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் காயும், பலகை வளையும். பழைய கதவை மேசையாக்குகிறவர்கள் அடிப்பக்கத்துக்கும் அதே எண்ணிக்கையில் கோட்டிங் கொடுக்க வேண்டும். காசு கூடுதல்தான்.

பழைய பூச்சைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. மறைவான மூலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுத்துக் கரைந்து பஞ்சில் பழுப்பாக ஒட்டினால் அது அரக்கு பாலிஷ். அரக்குப் பூச்சி சுரக்கிற பிசின் அது. ஸ்பிரிட்டில் கரைத்துத் தேய்த்தால் ஸ்பிரிட் ஆவியாகி, அரக்கு மெல்லிய படலமாகத் தங்கும். மறுபடி ஸ்பிரிட் பட்டால் மறுபடி கரையும். சூடான காப்பி டம்ளர் வைத்த இடத்தில் வெள்ளை வளையம் விழுகிறதே, படலத்துக்குள் சிக்கிய ஈரம்தான் அது. லேசாக ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் பெரும்பாலும் போய்விடும், சுரண்ட வேண்டியதில்லை. பியூ அப்படி இல்லை. அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று வலைபோலக் கட்டிக்கொள்வதால் காய்ந்தபின் ஸ்பிரிட்டுக்கு மசியாது. உறுதி அதிகம், ஆனால் ஒரு இடத்தில் கீறினால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்வது கஷ்டம். எனக்குக் கேட்டால் தினம் தண்ணீர் படுகிற சாப்பாட்டு மேசைக்கு பியூ, அலமாரிக்கும் கட்டிலுக்கும் அரக்கு.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: தேங்காய் எண்ணெய். ஆச்சி மாதம் ஒரு தடவை அலமாரிக்கு எண்ணெய் போட்டுத் துடைப்பாள். அன்றைக்குப் பளிச்சென்று இருக்கும், ஒரு வாரத்தில் தூசி அப்பிக்கொள்ளும். எண்ணெய் காய்வது தண்ணீர் காய்வது போல இல்லை. ஆளிவிதை எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் இரட்டைப் பிணைப்புகள் நிறைய. காற்றிலுள்ள ஆக்சிஜன் அவற்றைக் கோத்துக் கெட்டிப் படலமாக்கும். தேங்காய் எண்ணெயில் அந்தப் பிணைப்பு அரிது, அதனால் அது எத்தனை வருஷமானாலும் எண்ணெயாகவே கிடக்கும். அதன் மேல் எந்தக் கோட்டிங் அடித்தாலும் சரியாகப் பிடிக்காது, அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாக ஒதுங்கும். முதலில் தின்னர் போட்டு இரண்டு மூன்று தடவை துடைத்தெடுக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பம் வெளிவரும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

பழைய நாற்காலி ஆடினால் மூட்டைக் கழற்றிப் பாருங்கள். பழுப்பாகக் கண்ணாடித் தூள் போல உதிர்ந்தால் அது வஜ்ரம், மாட்டுத்தோலும் எலும்பும் காய்ச்சிய பசை. வெந்நீர்த் துணி வைத்தால் இளகிவிடும். அதைச் சுரண்டி மரத்தை வெளியே கொண்டுவராமல் மேலேயே பெவிகால் விட்டால் அது மரத்துக்குள் இறங்காது, பழைய பசையோடு சேர்ந்து உதிரும்.

பலாக்கட்டை வைத்திருப்பவர்கள் இழைப்புளி போட்டதும் பதறுவார்கள். உள்ளே மஞ்சள்! பழுப்பு நிறத்துக்காகத்தானே ஆசைப்பட்டோம் என்று. மோரின் என்ற மஞ்சள் நிறப்பொருள் பலாவில் உண்டு. வெளிச்சமும் காற்றும் பட்டுப் பட்டுத்தான் அது தேன் நிறமாகி, பிறகு பழுப்பாகிறது. ஒரு நூல்கூட இல்லாத அந்த மேல்தோலைச் சீவினால் பல வருஷத்து நிறம் போய்விடும். எனவே பலாவுக்கு இழைப்புளி வேண்டாம், உப்புத்தாளே போதும், அதுவும் மெல்ல.

உளுத்திருக்கிறதா என்று பார்க்க அடியில் ஒரு கருப்புத் தாளை விரித்து இரண்டு நாள் விடுங்கள். மைதா போன்ற தூள் விழுந்தால் வண்டு. கசகசா போன்ற மணிகள் விழுந்தால் காய்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கிற சிதல், அதாவது கரையான். மைதா வண்டு வெளுத்த மேல்மரத்தில் உள்ள மாவுச்சத்துக்குத்தான் வருகிறது, தேக்கின் வைரத்தை, அதாவது நடுவிலுள்ள கெட்டி மரத்தைத் தொடுவது அபூர்வம். பழைய ஆசாரிமார் வெள்ளையைச் செதுக்கித் தள்ளிவிடுவது அதனால்தான். ரப்பர் மரத்தில் வைரமே இல்லை, உடம்பு முழுக்க மாவும் சர்க்கரையும். குலசேகரம் பக்கம் தோட்டத்தில் வெட்டிய ரப்பர்த் தடியைச் சில நாள் சும்மா போட்டால் நீலம் பாய்ந்துவிடும். போரான் உப்பு ஏற்றி உலர்த்தினால்தான் அது நாற்காலியாகும்.

பெயிண்ட் அடித்த பழைய தொட்டிலோ ஜன்னலோ என்றால் உலர்ந்த உப்புத்தாளைத் தொடவே வேண்டாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டின் தூசி குழந்தைகள் இருக்கும் வீட்டில் பறக்கக் கூடாது. நனைத்துத் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள். குளச்சல், மணவாளக்குறிச்சி மாதிரி கடலோர வீடு என்றால் இரும்பு ஆணியை எடுத்துவிட்டுப் பித்தளை ஸ்குரூ போடுங்கள். உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடித்து, மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து ஆணியைச் சுற்றிக் கருப்பாகக் கறை விடும்.

மேசைக்கு வருகிறேன். ஆசாரி அன்றைக்கு எதையும் செய்யவில்லை. "ஆனிச் சாரல் விழட்டும், அதுவரைக்கும் தொடாத" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போய்விட்டார். ஜூன் கடைசியில் ஜன்னலைத் திறந்து வைத்துப் பத்து நாள் ஏசி போடாமல் இருந்தோம். விரிசல் தானாக மூடிக்கொண்டது, தீக்குச்சி நுழையவில்லை. மந்திரம் இல்லை, பலகை ஈரம் வாங்கி வீங்கிவிட்டது. அப்போது வந்து, பசையை அறுத்துப் பலகையைக் கழற்றினார். அடியில் விரிசலுக்குக் குறுக்கே உடுக்கை வடிவத்தில் இரண்டு தேக்குத் துண்டைப் பதித்தார். சட்டத்தின் நடுவில் உள்ள ஸ்குரூக்களை மட்டும் இறுக்கினார். ஓரத்தில் உள்ள துளைகளை அகலவாக்கில் நீளமாக ராவி, வாஷர் போட்டு ஸ்குரூவைக் கையால் திருகும் அளவுக்கு விட்டார். அடிப்பக்கத்துக்கும் கோட்டிங் கொடுத்தோம். போகும் முன்பு பென்சிலை வாங்கி, பலகையின் அடியில் இரும்புச் சட்டத்தின் விளிம்பை ஒட்டி இரண்டு பக்கமும் ஒரு கோடு இழுத்தார்.

இந்த மார்ச்சில் மேசைக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு கோடும் சட்டத்தை விட்டு ஒரு நூல் உள்ளே நகர்ந்திருந்தன.