கந்தோரில் முறைத்துக்கொண்டவர்கள் காதலிப்பது எப்படி?

காதல் நாவல்களில் ஒரு பழைய கணக்கு உண்டு. ஒரே கந்தோர், ஒரே பதவி உயர்வு, அதற்கு அடிபடும் இரண்டு பேர். முதல் அத்தியாயத்தில் முறைப்பு, கடைசியில் கலியாணம். சும்மா கதை என்று தள்ளிவிடத்தான் நானும் நினைத்திருந்தேன், ஆனால் உடம்பு இதில் உண்மையாகவே ஒரு வேலை பார்க்கிறது.

கதையைக் கிளிநொச்சிப் பக்கம் கொண்டுவருவோம். ஒரு கமநல சேவை நிலையத்தில் இரண்டு விவசாயப் போதனாசிரியர்கள், அவளும் அவனும். காலபோகத்தில் யாருடைய பிரிவில் விளைச்சல் கூட என்று போட்டி. கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவன் அவளுடைய கணக்கில் பிழை பிடிக்கிறான். அவளுக்கு நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, முகம் சூடேறுகிறது. பதற்றத்தில் உடம்பு சுரக்கும் அட்ரினலினுக்கு இதில் பங்கு உண்டு. காதல் வந்தாலும் ஏறக்குறைய இதே படபடப்புத்தான். 'ஏன் இப்படி அடிக்கிறது?' என்று மூளை சுற்றுமுற்றும் பார்த்துத்தான் காரணம் கண்டுபிடிக்கிறது, சில நேரம் பிழையாகவும் கண்டுபிடிக்கிறது.

1974இல் டட்டன், ஆரன் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைக் கனடாவின் கப்பிலானோ தொங்குபாலத்தில் சோதித்தார்கள். ஆற்றுக்கு மேலே சுமார் 70 மீற்றர் உயரம், நடந்தால் ஆடும். (இரணைமடுக் குளம் வான் பாயும்போது அணைக்கட்டில் நின்று கீழே பார்த்தவர்களுக்கு அந்தக் கால்கூச்சம் தெரிந்திருக்கும்.) பாலத்தில் ஒரு இளம்பெண் ஆண்களிடம் சில கேள்விகள் கேட்டுவிட்டுத் தொலைபேசி இலக்கம் கொடுத்தாள். வாங்கிய 18 பேரில் 9 பேர் பிறகு அழைத்தார்கள். ஆடாத, தாழ்வான பாலத்தில் 16 பேரில் 2 பேர்தான். பயத்தில் அடித்த நெஞ்சை அவளுக்காக அடித்ததாக எடுத்துக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ஆட்கள் குறைவுதான், ஆனாலும் யோசிக்க வைக்கிற எண்.

சரி, அப்படியென்றால் சண்டை பிடிக்கிற எல்லோரும் காதலிக்க வேண்டுமே? இல்லை. 1981இல் வைட் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் செய்த ஆய்வில், நின்ற இடத்திலேயே 2 நிமிடம் ஓடி மூச்சுவாங்கிய ஆண்களுக்கு, அழகாகக் காட்டப்பட்ட பெண்ணைக் கூடுதலாகப் பிடித்தது. அதே பெண்ணை அழகில்லாமல் காட்டியபோது இன்னும் பிடிக்காமல் போனது. படபடப்பு புதிதாக எதையும் முளைக்க வைப்பதில்லை, கிடக்கிற விதைக்குத் தண்ணி விடுகிறது, அது நெல்லா களையா என்று பார்ப்பதுமில்லை.

அதனால்தான் கெட்டிக்கார எழுத்தாளர் விதையை முன்னமே போட்டுவிடுகிறார். கூட்டம் முடிந்து மழை. பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் ஒரு தேத்தண்ணிக் கடைத் தகரத்தின் கீழ் இருவரும் ஒதுங்குகிறார்கள். அவள் சீனி போடமாட்டாள் என்பது அவனுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. பிறகு ஒருநாள், வாய் திறந்தாலே குறை சொல்லும் அவனே அவளுடைய நாற்றுமேடையை நல்லது என்கிறான். எப்போதும் புகழ்கிறவரைவிட, முதலில் குறைசொல்லிப் பிறகு மெச்சுகிறவரை நமக்குக் கூடப் பிடிக்கும் என்று 1965இலேயே ஆரன்சன், லிண்டர் என்ற உளவியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

அந்தச் சீனியில்லாத தேத்தண்ணியை எழுதாமல், சண்டையிலிருந்து நேரே முத்தத்துக்குப் பாய்ந்த நாவல்களை நான் பாதியிலேயே மூடிவைத்திருக்கிறேன்.