பெயரைக் கேட்டார்கள், வாய் வேறெதையோ சொன்னது

2011 பிப்ரவரியில் ஒரு காலை. வடக்கு லண்டனில் ஒரு ஜிம்மில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார் நடிகை எமிலியா கிளார்க். வயது 24. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் முதல் சீசன் படப்பிடிப்பு முடிந்திருந்தது, ஒளிபரப்பு இன்னும் தொடங்கவில்லை. திடீரென்று, எலாஸ்டிக் பட்டை போட்டு மூளையை இறுக்குவது போல ஒரு வலி. எப்படியோ கழிவறைக்குப் போய்ச் சேர்ந்து வாந்தி எடுத்தார். நினைவு நழுவிவிடக் கூடாது என்று, நடித்த தொடரின் வசனங்களை மனதுக்குள் சொல்லிப் பார்த்ததாகப் பின்னாளில் எழுதினார்.

அவர் தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருந்தது.

தேய்ந்துபோன சைக்கிள் டியூபில் காற்றடித்தால் நைந்த இடம் மட்டும் குமிழாகப் புடைக்கும் அல்லவா? அதேதான். மூளையின் அடியில் தமனிகள் ஒரு வளையமாகக் கூடி, அங்கிருந்து கிளை பிரிகின்றன. பிரியும் முனையில் ரத்தம் ஓயாமல் மோதுகிறது. மூளைத் தமனிகளின் சுவரோ உடலின் மற்ற தமனிகளைவிட மெல்லியது. அங்கே உருவாகும் புடைப்பைத்தான் மருத்துவர்கள் அனூரிசம் என்கிறார்கள். ஏறத்தாழ நூறு பேரில் மூன்று பேருக்கு இது உண்டு. பெரும்பாலானவை கடைசிவரை வெடிப்பதில்லை. புகைப்பழக்கமும் உயர் ரத்த அழுத்தமும் அந்த ஆபத்தைக் கூட்டும்.

வெடித்தால், மூளைக்கும் அதன் உறைக்கும் நடுவே தெளிந்த திரவம் மட்டும் இருக்கவேண்டிய இடத்தில் ரத்தம் பீய்ச்சி அடிக்கும். மண்டையோடு விரிந்துகொடுக்காது, அதனால் உள்ளே அழுத்தம் சட்டென்று ஏறும். நொடிகளில் உச்சம் தொடும் தலைவலி, வாந்தி, பிறகு கழுத்து விறைப்பு. “வாழ்நாளில் இப்படி வலித்ததே இல்லை” என்று யாராவது சொன்னால் மாத்திரையைத் தேடாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஏறத்தாழ மூன்றில் ஒருவர் உடனேயோ சிறிது காலத்திலோ இறந்துவிடும் நோய் இது.

தானே அடைபட்ட கசிவு மறுபடி திறந்துகொள்ளாமல் பார்ப்பதுதான் முதல் அவசரம். கிளார்க்குக்கு மண்டையைத் திறக்கவில்லை. தொடை இடுக்கில் உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, இதயத்தின் பக்கமாக மேலேற்றி, மூளை வரை கொண்டுபோனார்கள். இந்த முறையில், முடியைப் போல நுண்ணிய பிளாட்டினக் கம்பியைப் புடைப்புக்குள் நூல்கண்டு மாதிரி சுருட்டி விடுவார்கள். ரத்தம் அதைச் சுற்றி உறைந்து, புடைப்பை உள்ளிருந்தே மூடிவிடும். உறைதல் என்றாலே பயப்படுகிறோம், இங்கே அதுதான் வைத்தியம்!

ஆனால் கதை அங்கே முடிவதில்லை. சிந்திய ரத்தம் சிதையும்போது பக்கத்துத் தமனிகள் சுருங்கலாம், மூளைத் திசுக்கள் ரத்தமின்றித் தவிக்கலாம். அதனால்தான் இந்த நோயாளிகளை இரண்டு வாரம் போல விடாமல் கண்காணிக்கிறார்கள். கிளார்க்குக்கும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான் ஒரு சிக்கல் வந்தது. வழக்கம்போல நர்ஸ் பெயரைக் கேட்டார். பெயர் வரவில்லை, அர்த்தமில்லாத சொற்கள்தான் வந்தன.

இதற்குப் பெயர் அஃபேசியா. பலரும் இதைப் புத்தி மழுங்குவது என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படியில்லை. மொழியைக் கோக்கும் பகுதிகள் பெரும்பாலானோருக்கு மூளையின் இடப்பக்கம் இருக்கின்றன. அங்கே அடிபட்டால் எண்ணம் இருக்கும், சொல்லுக்கான வழி அறுந்திருக்கும். வசனம் பேசிப் பிழைப்பவருக்கு அதைவிடக் கொடுமை என்ன? என்னைச் சாக விடுங்கள் என்று மருத்துவர்களிடம் கேட்டிருக்கிறார்.

ஒரு வாரத்தில் பேச்சு திரும்பியது. செத்த நரம்புசெல்கள் ஒரு வாரத்தில் முளைக்காது. இவ்வளவு வேகமாக மீண்டால், அந்தச் செல்கள் செத்திருக்காமல் மயங்கிக் கிடந்திருக்கவேண்டும். நிஜமாகவே அழிந்த இடத்துக்கு வேறு வைத்தியம்: மிச்சமிருக்கும் பகுதிகள் பயிற்சியின் மூலம் மாற்றுப்பாதை போட்டுக்கொள்ளும். அதற்கு மாதங்கள், சிலருக்கு வருடங்கள் ஆகும்.

மறுபக்கத்தில் இன்னொரு சிறு புடைப்பு இருந்தது. 2013-ல் அது இருமடங்காகியிருந்தது. இம்முறை நியூயார்க்கில் குழாய்ச் சிகிச்சை தோற்று, ரத்தம் கொட்டியது. மண்டையைத் திறந்துதான் காப்பாற்றினார்கள். இப்போது மண்டையோட்டின் சில துண்டுகளுக்குப் பதில் டைட்டானியம். 2019-ல்தான் இதையெல்லாம் வெளியே சொல்லி, மூளைக் காயத்திலிருந்து மீள்வோருக்காக ‘சேம்யூ’ என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார்.

மூளையில் கணிசமான பகுதி பயன்படாமல் போய்விட்டது என்று 2022-ல் பேட்டியில் சிரித்தபடி சொன்னார். அப்போது லண்டன் மேடையில் ரஷ்ய எழுத்தாளர் செகாவின் நாடகத்தில் இரவுதோறும் நடித்துக்கொண்டிருந்தார், வசனம் மறக்காமல்.