மொட்டைமாடி விளக்கைப் போட்டது யார்?

உச்சிப்புளியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஈஎஸ்பி8266 என்ற வைஃபை உள்ள குட்டி போர்டு ஒன்றையும், அது சொன்னபடி மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே ஒன்றையும் வாங்கி, மொட்டைமாடி விளக்கைக் கைபேசியிலிருந்து போடவும் அணைக்கவும் தானே நிரல் எழுதியிருக்கிறார். பத்து நாள் ஒழுங்காக ஓடியது. அப்புறம் நடுராத்திரியில் விளக்கு தானாக எரிய ஆரம்பித்துவிட்டது. அப்பத்தா முனி நடமாட்டம் என்று சொல்லி, சுவிட்ச்போர்டில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டிவிட்டார். பழம் காய்ந்துபோனதுதான் மிச்சம். "எங்கே சார் தப்பு?" என்று கேட்டு, நிரலையும் கைபேசித் திரையின் படத்தையும் அனுப்பியிருந்தார்.

கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி. "கரண்டு போயிட்டு வந்தாத்தான்டா அது வருது" என்கிறாராம் அப்பத்தா. நிரலைத் திறப்பதற்கு முன்பே எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. முனியை நான் நம்பவில்லை, அப்பத்தாவின் கண்ணை நம்புகிறேன்.

வாசகர் பயன்படுத்தியது எம்க்யூடிடி. 1999இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க்கும் ஆர்லென் நிப்பரும் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க உருவாக்கிய செய்திமுறை. அந்த இணைப்பில் ஒவ்வொரு பைட்டும் காசு என்பதால் சிக்கனம் இதன் ரத்தத்திலேயே ஊறியது. இதில் கைபேசியும் போர்டும் நேருக்கு நேர் பேசுவதில்லை. நடுவில் ப்ரோக்கர் என்றொரு மென்பொருள் உட்கார்ந்திருக்கும். வாசகர் வீட்டில் அது ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியில் ஓடும் மஸ்கிட்டோ. அனுப்புபவர் ஒரு டாபிக், அதாவது தலைப்பின் பெயரைச் சொல்லி அனுப்புவார், அந்த டாபிக்கைக் கேட்டு வைத்தவர்களுக்கு அது போகும். வள்ளத்துக்காரருக்குத் தன் மீன் யார் வீட்டுக் குழம்பில் கொதிக்கப்போகிறது என்று தெரியாதே, அப்படித்தான்.

இனி நம் விஷயம். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். ஏற்றும் நேரத்தில் அங்கே நின்றவருக்கு மட்டுமல்ல, மூன்று மணி நேரம் கழித்துக் கரைக்கு வருபவருக்கும் அது தெரியும். இறக்கும்வரை தொங்கும். எம்க்யூடிடியில் இதற்குப் பெயர் ரீடெயின். அந்தக் குறியோடு செய்தி அனுப்பினால், ஒவ்வொரு டாபிக்குக்கும் கடைசியாக வந்த ஒரே ஒரு செய்தியை ப்ரோக்கர் பத்திரமாக வைத்துக்கொள்ளும். யார் புதிதாக வந்து அந்த டாபிக்கைக் கேட்டாலும் உடனே எடுத்து நீட்டும்.

வாசகர் அனுப்பிய கைபேசித் திரையின் படத்தில் 'வீடு/மாடி/விளக்கு/கட்டளை' என்ற டாபிக்குக்கு எதிரே ரீடெயின் கட்டத்தில் டிக் இருந்தது. (டாபிக்கைத் தமிழிலேயே எழுதியிருந்தார், மனுஷர்! தாராளமாக எழுதலாம், நெறிமுறை அதை ஏற்கும்.) சாயங்காலம் கைபேசியில் 'போடு' என்கிறார், ப்ரோக்கர் அதைக் கூண்டாக ஏற்றிக்கொள்கிறது. படுக்கப்போகும் முன் அப்பத்தா சுவரிலுள்ள பொத்தானை அமுக்கி அணைக்கிறார். நிரல் ரிலேயை மட்டும் விடுவிக்கிறது, ப்ரோக்கரிடம் மூச்சுவிடுவதில்லை. நள்ளிரவில் கரண்டு போகிறது. போர்டு செத்துப்போகிறது, இன்வெர்ட்டரில் இருக்கும் ப்ரோக்கர் விழித்தே இருக்கிறது. கரண்டு வந்ததும் போர்டு எழுந்து, "எனக்கு ஏதாவது உண்டா?" என்று கேட்கிறது. "உண்டே, போடு!"

முனி அகப்பட்டது.

நிலவரத்தைக் கூண்டில் ஏற்றலாம், கட்டளையை ஏற்றக் கூடாது. 'விளக்கு எரிகிறது' என்பது நிலவரம். 'போடு' என்பது கூப்பிடு குரல், காற்றோடு போக வேண்டியது. டிக்கை எடுத்தால் மட்டும் போதாது, ஏற்கெனவே தொங்குவதையும் இறக்க வேண்டும். அதே டாபிக்குக்கு ரீடெயின் குறியோடு உள்ளே ஒன்றுமே இல்லாத வெற்றுச் செய்தி ஒன்றை அனுப்பினால் கூண்டு இறங்கிவிடும்.

கேள்விக்குப் பதில் முடிந்தது. ஆனால் இதன் பக்கத்திலேயே இருக்கும் ஒன்றைச் சொல்லாமல் விட மனசில்லை. போர்டு ப்ரோக்கரோடு இணையும் முதல் செய்தியிலேயே ஓர் உயில் எழுதிக் கொடுக்கலாம். "நான் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டால், இந்த டாபிக்கில் 'இல்லை' என்று அறிவித்துவிடு." ப்ரோக்கர் அதை வாங்கி மடியில் முடிந்துகொள்ளும். முறையாக விடைபெற்றுக்கொண்டு போனால் உயில் கிழிக்கப்படும். பேச்சு மூச்சில்லாமல் போனால்தான் அது வாசிக்கப்படும்.

செத்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? இணையும்போதே, "15 வினாடிக்கு ஒருமுறையாவது குரல் கொடுப்பேன்" என்று போர்டு வாக்குக் கொடுக்கிறது. சொல்ல வேறெதுவும் இல்லையென்றால், இருக்கிறேன் என்பதற்கு மட்டும் ஒரு துடிப்பு. அதைச் சுமந்துபோகும் வலைப்பின்னல் உறைகளைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அது 2 பைட். 'அ' என்ற ஓர் எழுத்தைக் கணினியில் வழக்கமான யுடிஎஃப்-8 முறையில் எழுதவே 3 பைட் வேண்டும்! ப்ரோக்கர் ஒன்றரை மடங்கு, அதாவது 22.5 வினாடி பொறுக்கும். அதற்குமேல் சத்தமில்லையென்றால் உயிலைப் பிரித்துவிடும். கடலுக்குப் போகிறவர் கரையில் இருப்பவரிடம், "நாளைக்கு விடியக்குள்ள வரலேன்னா சங்கத்துல சொல்லிரு" என்று சொல்லிவிட்டுப் போவதும் இதுதானே. இணைந்ததும் 'இருக்கிறேன்' என்பதையும், உயிலில் 'இல்லை' என்பதையும், இரண்டையுமே ரீடெயின் குறியோடு ஒரே டாபிக்கில் வைத்தால், எப்போது பார்த்தாலும் போர்டின் உண்மை நிலவரம் தெரியும்.

இதையெல்லாம் நம் பிள்ளைகள் படிக்கக் காசு பெரிய தடையில்லை. நெறிமுறை 2014இல், தரங்களை வகுக்கும் ஓயாசிஸ் அமைப்பின் திறந்த தரமாகிவிட்டது, மஸ்கிட்டோ இலவசம். ஆனால் கல்லூரிக் கடைசி வருடத்தில் ப்ராஜெக்ட் சென்டருக்குப் போய், யாரோ செய்த பெட்டியைக் காசு கொடுத்து வாங்கி வருகிறார்கள். அந்தக் காசில் பத்து போர்டு வாங்கி நாலைந்தைப் புகையவிட்டால் இன்னும் நன்றாகக் கற்றுக்கொள்வார்கள் என்பது என் கட்சி. உப்புக்காற்றில் களிம்பேறிச் சாகப்போகிற போர்டுதானே.

வாசகருக்கு இன்னொன்று. வைஃபை ரௌட்டரையும் இன்வெர்ட்டரில் மாட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கரண்டு போகும்போதெல்லாம் ரௌட்டரும் செத்துப்போய், உயிரோடு இருக்கும் பேட்டரிக் கருவிகளின் உயிலையும் ப்ரோக்கர் வாசித்துவிடும். ஒரே நேரத்தில் வீட்டிலுள்ள அத்தனையும் 'இல்லை' என்று வந்தால் எதையும் கழற்றாதீர்கள், முதலில் ரௌட்டரைப் பாருங்கள்.