தடுப்பாற்றலுக்குக் கடிவாளம் போடும் மரபணு

1949-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில், கதிர்வீச்சு ஆய்வுக்காக வளர்த்த சுண்டெலிகளிடையே சில ஆண் குட்டிகள் நோஞ்சானாகப் பிறந்தன. தோல் செதில் செதிலாக உரிந்தது, மண்ணீரல் வீங்கியது, சில வாரங்களிலேயே செத்துப்போயின. காரணம் கிருமி இல்லை. கிருமிகளோடு போராடவேண்டிய டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களே அவற்றின் சொந்த உறுப்புகளைத் தாக்கிக்கொண்டிருந்தன.

குறை எக்ஸ் குரோமோசோமில்தான் என்று தெரியும். ஆனால் அதில் சுமார் 17 கோடி டிஎன்ஏ எழுத்துகள்! அமெரிக்க ஆய்வாளர்கள் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் தேடவேண்டிய பகுதியை 5 லட்சம் எழுத்துகளாகச் சுருக்கினார்கள். அங்கிருந்த 20 மரபணுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்ததில், கடைசியாகப் பார்த்ததுதான் குற்றவாளி. கூடுதலாக நுழைந்த இரண்டே எழுத்துகள் அதைக் குலைத்திருந்தன. 2001-இல் அதற்கு ஃபாக்ஸ்பி3 என்று பெயரிட்டார்கள். மனிதக் குழந்தைகளுக்கு இது பழுதானால் ஐபெக்ஸ் என்ற கொடிய நோய் வரும்: ஓயாத வயிற்றுப்போக்கு, தோல் அழற்சி, கைக்குழந்தையிலேயே சர்க்கரை நோய்.

மற்ற டி செல்களை அடக்கிவைக்கும் ஒருவகை டி செல்லை ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995-இலேயே காட்டியிருந்தார். 2003-இல் அவர் குழுவினர் சாதாரண டி செல்லுக்குள் ஃபாக்ஸ்பி3-ஐச் செலுத்த, அதுவும் அடக்கும் செல்லாக மாறியது. மூவருக்கும் 2025-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, ஒரே மரபணு எப்படி ஒரு செல்லின் குணத்தையே மாற்றுகிறது? ஃபாக்ஸ்பி3 உருவாக்கும் புரதம் டிஎன்ஏ மீது உட்கார்ந்து, சில மரபணுக்களைத் திறந்துவிடும், சிலவற்றை மூடிவிடும். டி செல்கள் பெருக இன்டர்லூக்கின்-2 என்ற புரதம் தேவை. அதைத் தயாரிக்கும் மரபணுவை ஃபாக்ஸ்பி3 மூடுகிறது. அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியின் மரபணுவையோ முடுக்கிவிடுகிறது. அதனால் இந்தச் செல் தானாக இன்டர்லூக்கின்-2-ஐத் தயாரிக்காமல், அக்கம்பக்கத்துச் செல்கள் சுரப்பதை உறிஞ்சிக்கொள்கிறது. பங்கு கிடைக்காத அவற்றால் பெருக முடிவதில்லை. என்னைக் கேட்டால், இந்த ஆராய்ச்சியிலேயே அழகான பகுதி இதுதான்.

ஆனால் ஃபாக்ஸ்பி3-ஐ முடுக்கினால் மட்டும் போதாது, அது அணையாமலும் இருக்கவேண்டும். சாதாரண டி செல்லில் இந்த மரபணுவின் ஒரு பகுதியில் மீத்தைல் குறிகள், அதாவது மரபணுவை அடக்கிவைக்கும் சிறு வேதிக் குறிகள், ஒட்டியிருக்கும். அடக்கும் செல்லில் அவை நீங்கியிருப்பதால், செல் எத்தனை முறை பிரிந்தாலும் மரபணு இயங்கிக்கொண்டே இருக்கிறது. மனிதரின் சாதாரண டி செல்கள்கூடத் தூண்டப்பட்டால் ஃபாக்ஸ்பி3-ஐச் சிறிது நேரம் உருவாக்கும். குறிகள் நீங்காததால் அது நிலைப்பதில்லை. ஆய்வகத்தில் அடக்கும் செல்களைத் தயாரித்து நோயாளிக்குச் செலுத்த முயல்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. உடலுக்குள் போனபின் ஃபாக்ஸ்பி3 அணைந்தால், அந்தச் செல்களே தாக்குபவையாக மாறிவிடக்கூடும்.