ஸ்விட்சை அணைத்த பிறகும் ஷாக் அடிப்பது ஏன்?

"ஸ்விட்சை அணைச்சுட்டுத்தானே சார் பல்பைக் கழட்டினேன், கரண்ட் எப்படி வந்துச்சு?" என்று ஒரு மாணவன் கேட்டான். நல்லவேளை, விரலில் சுருக்கென்று பட்டதோடு போயிற்று.

ஸ்விட்சைப் போட்டால் எலக்ட்ரான்கள் பல்புக்கு ஓடி வரும், அணைத்தால் வராது என்ற எண்ணம் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளிடமும் இருக்கிறது. அதனால் கரும்பலகையில் கணக்குப் போட்டோம். 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் பாய்ந்தால், நொடிக்கு ஏறத்தாழ 6.24 × 10¹⁸ எலக்ட்ரான்கள் ஓரிடத்தைக் கடக்கின்றன. செம்பில் ஒரு கன மீட்டருக்கு 8.5 × 10²⁸ கட்டற்ற எலக்ட்ரான்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதால், அவை நொடிக்கு 0.07 மில்லிமீட்டர் நகர்ந்தாலே போதும். ஒரு மீட்டர் கடக்க நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு! 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டத்தில் அந்த நகர்வும் கிடையாது. ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான இடத்தில் முன்னும் பின்னும் ஆடுகின்றன, அவ்வளவுதான்.

பல்பு உடனே எரியக் காரணம் மின்புலம். கம்பி நெடுக அது ஒளியின் வேகத்துக்கு நெருக்கமாகப் பரவி, இழையில் ஏற்கெனவே இருக்கும் எலக்ட்ரான்களைத் தள்ளுகிறது. அவற்றைப் பல்பு தின்றுவிடுவதும் இல்லை. உள்ளே போன அளவு வெளியே வருகிறது. கொடுத்துவிட்டுப் போவது ஆற்றலை மட்டும்.  

இப்போது அவன் கேள்விக்கு வருவோம். ஸ்விட்ச், மின்னழுத்தம் வரும் ஃபேஸ் கம்பியில் இருக்க வேண்டும். தவறுதலாக, மின்னோட்டம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியில் இணைத்திருந்தால், அணைத்தாலும் பல்பு அணையுமே தவிர ஹோல்டர் வரை மின்னழுத்தம் அப்படியே நிற்கும். அதைத் தொட்டவரின் உடம்பு தரையோடு சேர்ந்து சுற்றை முடித்துவைக்கும். உடம்பில் மின்னூட்டத்தைச் சுமக்கச் சோடியம், பொட்டாசியம், குளோரைடு அயனிகள் தயாராக இருக்கின்றன. வெளியிலிருந்து எதுவும் வரத் தேவையில்லை. 10 மில்லிஆம்பியர் அளவிலேயே தசை இறுகிப் பிடியை விட முடியாமல் போகலாம். ஈரக் கை என்றால் தோலின் மின்தடையும் சரிந்துவிடும். இந்த இடத்தை வகுப்பில் நான் அவசரமாகக் கடப்பதே இல்லை.

பல்பு மாற்றுவதற்கும் மெயின் ஸ்விட்சை அணையுங்கள், டெஸ்டரால் சோதித்துப் பாருங்கள். அந்த ஸ்விட்சை எலக்ட்ரீஷியன் திறந்து பார்த்தபோது அது நியூட்ரலில்தான் இருந்ததாம். மறுநாள் அவனே பலகைக்கு வந்து, ஸ்விட்சை ஃபேஸ் பக்கம் மாற்றிச் சுற்றை வரைந்து காட்டினான்.