ஸ்க்ரீ: தமிழில் என்ன சொல்லலாம்?

மலையேறிப் பழகியவர்களுக்கு இதன் பெயர் தெரியாமல் இருக்கலாம், கால் மறந்திருக்காது. செங்குத்தான பாறைச் சுவருக்கு அடியில் விசிறி விரித்த மாதிரி உடைகற்கள் கொட்டிக் கிடக்கும், இரண்டடி ஏறினால் ஓரடி கீழே இழுத்துக்கொண்டு வந்துவிடும். அதைத்தான் ஆங்கிலத்தில் ஸ்க்ரீ என்கிறார்கள்.

வைக்கிங்குகள் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் ஸ்க்ரிதா என்றால் நிலச்சரிவு. அதற்கு மூலமான வினைச்சொல்லுக்கு ஊர்தல், வழுக்கிச் செல்லுதல் என்று பொருள். ஸ்காண்டிநேவியாவிலிருந்து வட இங்கிலாந்துக்கு வந்து குடியேறியவர்களோடு வந்த சொல் இது. மலைக்கு ஃபெல், ஓடைக்கு பெக் என்று அங்கே சொல்வதும் அப்படி வந்ததுதான். முதலில் ஸ்க்ரீஸ் என்று பன்மையாகத்தான் புழங்கியது, ஒருமையை அப்புறம் அதிலிருந்து வெட்டி எடுத்தார்கள். வட இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் வாஸ்ட்வாட்டர் ஏரியை ஒட்டிய சரிவுக்குப் பெயரே தி ஸ்க்ரீஸ்தான். மேலே பாறை முகடு, அங்கிருந்து கல் கல்லாக இறங்கி, இங்கிலாந்திலேயே ஆழமான அந்த ஏரிக்குள்ளும் போய்விடுகிறது.

பாறை விரிசலில் புகுந்த நீர் உறையும்போது அதன் கனஅளவு சுமார் 9 சதவீதம் கூடும். உறைவதும் உருகுவதுமாக வருஷக்கணக்கில் நடந்தால் விரிசல் அகன்று கல் பெயர்ந்து விழும். விழுந்த கற்கள் ஏறக்குறைய 35 பாகைச் சாய்வில் நிற்கும், அதற்கு மேல் செங்குத்தானால் தாமாகவே சரிந்து சமன்படும். பெரிய கற்கள் உருண்டு தூரம் போவதால் அடிவாரத்தில் பெரியவை, உச்சியில் பொடி. நடப்பவர் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று: லைக்கன் (பாறையில் பாசிபோல ஒட்டி மெல்ல வளர்வது) படர்ந்த கற்கள் வெகுகாலமாக அசையாதவை, வெளிறிய புது உடைவு தெரிந்தால் மேலேயிருந்து இன்னும் விழுந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம், அங்கே உட்கார்ந்து இளைப்பாற வேண்டாம்.

சரி, தமிழுக்கு வருவோம். சரளை என்றால் ஆற்றில் உருண்டு மழுங்கிய கல்லும் அதில் சேர்ந்துவிடும். இதுவோ கூர்முனை மழுங்காத உடைகல். கற்குவியல் என்றால் அசைவே இல்லை. நிலச்சரிவு ஒரு நிகழ்வு, கிடக்கும் கல்லைச் சொல்லாது. எனக்குப் பொருத்தமாகப் படுவது சரிகல். வினைத்தொகை என்பதால் சரிந்த கல், சரிகிற கல், சரியும் கல் என்று மூன்று காலமும் அதற்குள் அடங்கும், அந்தச் சரிவில் காலை வைத்தவருக்கு இந்த மூன்றுமே உண்மை என்று தெரியும். சரி என்ற வினைக்கும் வழுக்கி இறங்குதல் என்றே பொருள் இருப்பதால் நோர்ஸ்காரர்கள் நினைத்த இடத்துக்கே நாமும் வந்து சேர்கிறோம்.

டேலஸ் என்று இன்னொரு சொல்லும் உண்டு, பிரெஞ்சில் கரைச் சாய்வு என்ற பொருளில் இருந்து வந்தது. இரண்டையும் ஒன்றாகவே புழங்குபவர்கள் அதிகம், சிலர் மட்டும் பெரிய துண்டுகளுக்கு டேலஸ் என்று பிரிப்பார்கள். பிரிக்கவேண்டி வந்தால் அதைச் சரிபாறை என்று சொல்லிக்கொள்ளலாம்.